சேலத்துக்குப் புதிதா? கடைக்குப் போகுமுன் கொடியைப் பாருங்கள்

போன ஏப்ரலில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்தாள். இரண்டு பெட்டி நிறைய உடுப்பு, எல்லாமே பார்த்துப் பார்த்து வாங்கியவை. கிரேப் டாப், லைனிங் வைத்த ஜார்ஜெட் குர்தா, ஒரு டெனிம் ஜாக்கெட். பத்தாவது நாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, “அக்கா, இந்த ஊர்ல எல்லாரும் என்னதான் போடுறீங்க? எனக்கு முதுகெல்லாம் வேர்க்குரு” என்றாள்.

அவளுக்கு அன்றைக்குச் சொன்னதையும், அப்புறம் அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்ததையும்தான் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். டிசைனர் உடுப்பு என்றால் பெரிய பெயர் போட்ட லேபிள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். தறி பக்கத்திலேயே ஓடும் ஊர் இது. நல்ல தையல்காரரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார். துணியையும் வெட்டையும் நாமே முடிவு செய்யும் வசதி இருக்கும்போது, இன்னொருவர் முடிவு செய்ததை ஏன் அதிக விலைக்கு வாங்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதல் இரண்டு வாரம் எதுவும் வாங்காதீர்கள்

வந்ததும் ஐந்து ரோட்டுக்கோ சின்னக் கடைவீதிக்கோ ஓடாதீர்கள். இரண்டு வாரம் உங்கள் வீட்டுத் துணிக்கொடியை மட்டும் கவனியுங்கள். எந்தெந்த உடுப்பு திரும்பத் திரும்ப அங்கே வருகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அலமாரியில் தொங்குவதில் பாதி யாரோ நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக வாங்கியது, இல்லை தள்ளுபடிக்காக வாங்கியது. வாரத்தில் இரண்டு தடவை துவைத்துக் காயப்போடுகிறீர்களே, அதுதான் உங்கள் கை தானாக எடுத்தது.

பதினைந்தாம் நாள் அந்த ஐந்தாறு உடுப்பையும் கட்டில்மேல் பரப்பிப் பாருங்கள். என் கட்டிலில் கிடந்தவை எல்லாம் முழங்கை வரைக் கை, காலர் இல்லாத கழுத்து, மண் சார்ந்த நிறங்கள். செங்கல், அரக்கு, மாந்தளிர், கொஞ்சம் கத்தரிப்பூ. ஆனால் நான் அதுவரை கடையில் போய் எடுத்தது வெளிர் ரோஸும் வெளிர் நீலமும். “உங்க கலருக்கு இதுதாங்க எடுக்கும்” என்று கடைக்காரப் பெண் சொல்லச் சொல்ல வாங்கிவிடுவேன். பத்து வருடம் இப்படிப் போனது.

நிறத்துக்கு நம் ஊர்ப் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ‘பச்சை’ என்று கேட்டால் 40 சேலையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், பார்த்தே களைத்துப்போவீர்கள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் என்று கேட்டால் நேராக அந்த அடுக்குக்குப் போவார்கள். கேட்கத் தெரிந்தவர் என்று கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும்.

இந்த ஊரின் பருவங்கள்

ஃபேஷன் உலகம் ஸ்பிரிங்–சம்மர், ஆட்டம்–வின்டர் என்று இரண்டு பருவம் வைத்திருக்கிறது. பாரிஸுக்கும் மிலானுக்கும் அது பொருந்தும். நம் நாட்டின் லாக்மே ஃபேஷன் வீக்கே அதை சம்மர்–ரிசார்ட், வின்டர்–ஃபெஸ்டிவ் என்று மாற்றிக்கொண்டது. இங்கே குளிருக்குத் துணி எடுப்பவர் குறைவு, பண்டிகைக்கு எடுப்பவர்தான் அதிகம் என்று அவர்களுக்கும் தெரியும்.

சேலத்துக்குள் வந்தால் அந்த இரண்டும்கூடப் போதாது. நாலு பக்கமும் மலை நிற்கும் ஊர் இது. பங்குனியில் ஏறும் வெயில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொட்டுப் பார்க்கும். ஆடியில் காற்று. ஆவணிக் கடைசி முதல் ஐப்பசி வரை சாயங்கால மழை. மார்கழி, தையில் விடிகாலைக் குளிர் உண்டு, 9 மணிக்கெல்லாம் பறந்துவிடும். அலுவலகத்துக்குச் சால்வை போர்த்திப் போய், திரும்பி வரும்போது அதைச் சுமந்துகொண்டு வருபவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அடுத்த வருடம் நீங்களும் அப்படித்தான் வருவீர்கள்.

வெயிலுக்குப் பருத்தியும் லினனும். மழைக்கு என்ன என்பதில்தான் பலரும் தவறு செய்வார்கள். ரேயான் குர்தா கையில் பிடித்தால் குளுகுளுவென்று இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ரேயான் நனைந்தால் வலு இழக்கும், பருத்தியோ நனைந்தால் இன்னும் வலுக்கும். மழையில் நனைந்து, இழுத்துப் பிழிந்து, மறுபடி மழையில் நனைந்தால் ஐப்பசி முடிவதற்குள் ரேயான் அக்குளில் பிரிந்துவிடும். மழை மாதங்களுக்குக் கணுக்காலுக்கு மேல் நிற்கிற நீளத்தில், சீக்கிரம் காய்கிற மெல்லிய பருத்தியோ, பருத்தி கலந்த துணியோ நாலைந்து வைத்துக்கொண்டால் போதும். தரையைக் கூட்டும் பலாஸோவைப் பொங்கலுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

துணியைத் தெரிந்துகொள்ளுதல்

பருத்தி வாங்கும்போது கவுண்ட் என்று ஒரு எண் சொல்வார்கள். 60, 80, 100 என்று. ஒரு பவுண்டு எடை வருவதற்கு 840 கெஜம் கொண்ட சிட்டம், அதாவது நூல்கட்டு, எத்தனை வேண்டியிருக்கிறதோ அதுதான் அந்த எண். எண் ஏற ஏற நூல் மெலியும். தினசரி அலுவலகத்துக்கு 60 கவுண்ட் முறுக்காக நிற்கும், கொசுவம் கலையாது. 100 கவுண்ட் உடம்போடு ஒட்டி வழியும், உள்ளே லைனிங் கேட்கும். குட்டையானவர்களுக்கு 100, உயரமானவர்களுக்கு 60 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நான் ஐந்தடி, 60 கவுண்ட் கட்டுகிறேன், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

துணி பார்க்க இளம்பிள்ளைக்குப் போகலாம். கஞ்சமலைப் பக்கம், பஸ்ஸில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். தெருவுக்குள் நுழையும்போதே தறிச்சத்தம் கேட்கும். கடைக்குக் கடை சேலை, வீட்டின் முன்னறையிலும் சேலை. விலை குறைவு, வகை அதிகம், அதனாலேயே தலை சுற்றும். ஒரே ஒரு எச்சரிக்கை. ‘சாஃப்ட் சில்க்’ என்று சொன்னால் பட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “பட்டா, ஆர்ட் சில்க்கா, பாலியஸ்டரா?” என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், கேட்காதவர்களுக்குத்தான் சொல்வதில்லை. ஆர்ட் சில்க் என்பது செயற்கைப் பட்டு, அதைக் கட்டுவதில் தப்பே இல்லை. என்னிடம் இருக்கும் வாடாமல்லிச் சேலை அதுதான், ஆறு வருடமாக மினுங்குகிறது. பட்டு விலை கொடுத்துவிட்டு ஆர்ட் சில்க் வாங்கி வரக் கூடாது, அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழையை, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, உருவி எரித்துப் பாருங்கள். பட்டு முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கருப்புக் குண்டுமணிபோல் இறுகிவிடும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவதுபோல் எரியும். சரிகைக்கும் ஒரு சோதனை உண்டு. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே அந்த நூல், வழக்கமாகச் சிவப்பாக, தெரியும். சுத்தப் பட்டு என்று விற்பவரிடம் சில்க் மார்க் அட்டையைக் கேளுங்கள். பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் வருவது அது.

சேலத்தின் சொந்தச் சொத்து ஒன்று உண்டு. சேலம் வெண்பட்டு. வெள்ளைப் பட்டில் சரிகைக் கரை போட்ட வேட்டியும் அங்கவஸ்திரமும். புவிசார் குறியீடு பெற்றது. மாப்பிள்ளைக்கு எடுப்பது என்றே ஊரில் பழகிவிட்டது. ஆனால் அந்த அங்கவஸ்திரத்தை ஒரு பெண் கறுப்புக் குர்தாமேல் துப்பட்டாவாகப் போட்டு வந்ததை அம்மாபேட்டையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பிட்டதைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தப் பெண் செய்தது ஒன்றும் புதிய தந்திரம் இல்லை. டிசைனர் சஞ்சய் கர்க் 2008-இல் தொடங்கிய ரா மேங்கோ நிறுவனத்தின் சேலைகளைப் பாருங்கள், இன்னொரு டிசைனர் அனாவிலா மிஸ்ராவின் லினன் சேலைகளைப் பாருங்கள். கல்லும் ஜிகினாவும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். நெசவும் நிறமும்தான் கண்ணை இழுக்கும். அந்த இரண்டும் நமக்கு பஸ் டிக்கெட் செலவில் கிடைக்கிறது.

நனைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்

இது சின்னப் படி, ஆனால் நான் அழுத படி. முதல் சம்பளத்தில் எடுத்த கைத்தறித் துணியை வாங்கிய கையோடு தைக்கக் கொடுத்தேன். நீளக் குர்தா, பூட்டுப்போட்டதுபோல அளவு. முதல் சலவையில் ஒன்றரை அங்குலம் ஏறி, மணிக்கட்டில் இருந்த கை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எங்கேயோ நின்றது. பருத்தி 100-க்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். 110 சென்டிமீட்டர் குர்தாவில் அது 4, 5 சென்டிமீட்டர்.

அதனால் துணியை இரவு முழுக்கப் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். லைனிங் துணியையும் கூடவே நனையுங்கள். மேல்துணி நனைத்தது, லைனிங் நனைக்காதது என்றால் முதல் சலவையில் உள்ளே சுருங்கி வெளியே பை பையாகத் தொங்கும். சாயம் போகுமா என்று பார்க்க ஈர வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் போதும்.

தையல்காரரைக் கண்டுபிடிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஆகும், அவசரப்படாதீர்கள். தெருவில் யாராவது நன்றாகப் பொருந்திய ஜாக்கெட் போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள். எங்கள் ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கடைக்கு வழி மட்டுமல்ல, “நான் அனுப்பினேன்னு சொல்லுங்க” என்றும் சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவையே பட்டு ஜாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். சாதாரணப் பருத்திப் பிட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தைத்து வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டிருக்க வேண்டும். இரண்டு, மூன்று வரிசை தையல் ஓடியிருக்க வேண்டும், உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். ஓரம் ஓவர்லாக் அடித்திருக்கிறாரா என்று பாருங்கள். வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் உள்ளே கால் அங்குலம் விட்டு வெட்டியெறிகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

அளவு ஜாக்கெட் கொடுக்கும் பழக்கத்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அந்த ஜாக்கெட்டில் தோள் இறங்கியிருந்தால் புதிதிலும் தோள் இறங்கும், அப்படியே பத்து ஜாக்கெட். வருடத்துக்கு ஒருமுறையாவது உடம்பில் அளவு எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சாதாரணமாக நில்லுங்கள். கழுத்து இறக்கத்தை வாயால் “கொஞ்சம் இறக்கி” என்று சொல்லாதீர்கள், விரலை வைத்துக் காட்டுங்கள், அவர் அங்குலத்தில் எழுதட்டும். பில் அட்டையின் மறுபக்கம் படம் வரைந்துகொடுப்பதும் நல்லது. என் படங்கள் கத்தரிக்காய்போல இருக்கும், ஆனாலும் அவருக்குப் புரிகிறது.

வாங்கும்போது கடையிலேயே போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் நேராக நின்றால் எல்லா ஜாக்கெட்டும் நன்றாகத்தான் இருக்கும். சீலநாயக்கன்பட்டி பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பதுபோல் கையைத் தூக்குங்கள். ஜாக்கெட் மொத்தமும் கூடவே மேலேறினால் கைக்குழியை மிகவும் கீழே வெட்டிவிட்டார் என்று அர்த்தம். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக இருந்தால்தான் கை மட்டும் தூக்கும். பலரும் இறுக்கம் என்று பயந்து கைக்குழியைப் பெரிதாக்கச் சொல்லி இந்த வம்பை விலைக்கு வாங்குகிறார்கள். அப்புறம் உட்கார்ந்து பாருங்கள், குனிந்து செருப்பை மாட்டிப் பாருங்கள்.

என் தையல்காரர் வயதானவர். மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் சென்னிமலைப் போர்வை ஒன்றைக் கொண்டுபோய், முழங்கால் வரை ஒரு கோட்டு தைக்க வேண்டும், கரையில் இருக்கும் கோடுகள் முன்பட்டியில் நேராக இறங்க வேண்டும் என்றேன். போர்வையைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்தார்.

“ஏம்மா, நல்ல போர்வையைப் போயி வெட்டச் சொல்றீங்களே.”

“வெட்டுங்க மாஸ்டர், நான் பாத்துக்கறேன்.”

“போத்திக்கிட்டுப் போனாலே ஆச்சே” என்று முணுமுணுத்துக்கொண்டே சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். இரண்டு வாரம் கழித்து வாங்கப் போனபோது, கேட்காமலேயே உள்ளே ஒரு பையும் வைத்துத் தைத்திருந்தார். “மலைக்குப் போனா செல்லு வெக்க வேணாமா?” என்றார். நான் இதுவரை போட்ட டிசைனர் உடுப்பு என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பொட்டீக்குக்குப் போவதென்றால்

கல்யாணம், வளைகாப்பு என்று வரும்போது ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டிப் பக்கம் பொட்டீக் தேடிப் போவீர்கள். ஆரி வேலை என்பது கொக்கி ஊசியால் போடும் எம்பிராய்டரி. அந்த ஜாக்கெட்டுக்கு முதலில் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் குறித்து, வேலை செய்து முடித்துவிட்டுத்தான் வெட்டித் தைப்பார்கள். அதனால் அளவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். பிறகு கழுத்தை மாற்ற முடியாது. மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். கல் ஒட்டியதா தைத்ததா என்று கேளுங்கள். ஒட்டிய கல் வேர்வையில் கழன்றுவிடும், சேலத்தில் வேர்க்காத கல்யாண மண்டபம் எது? அக்குள் பக்கம் மணி வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கையை அசைக்கும்போதெல்லாம் அறுக்கும்.

ஒரு பொட்டீக்கில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் 30 வருடத்து அரக்குப் பட்டை நீள கவுனாகத் தைக்கக் கொடுத்தேன். தைத்து வாங்கி, ஒரு வரவேற்புக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த உடனே முழங்கால் பக்கம் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். மடித்தே வைத்திருந்த பட்டு மடிப்பில் நைந்திருந்தது. அவர்கள் வெட்டுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை. பழைய பட்டை மாற்றித் தைப்பதாக இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் முழு நீளத்தையும் பிடித்து, மடிப்புக் கோடுகளில் ஊசித்துளிபோல் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கரையையும் முந்தானையையும் மட்டும் வெட்டிப் புதுத் துணியில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். இருக்கும் பட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வையுங்கள். பூச்சிக்கு வசம்பு போதும், நாப்தலின் உருண்டையைச் சரிகைமேல் படும்படி போடாதீர்கள்.

மலைக்கு

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர். ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆக, 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் 8 டிகிரி போய்விடுகிறது. பைக்கில் போனால் காற்றும் சேர்ந்துகொள்ளும். அடிவாரத்தில் வேர்த்த முதுகு பாதி மலையில் சில்லிட்டுப்போகும். அதனால் கனமான ஒரே உடுப்பைவிட, மெல்லிய பருத்தி ஒன்று, அதன்மேல் கழற்றி மாட்டும்படி ஒன்று என்று இரண்டாகப் போங்கள். என் போர்வைக் கோட்டு பிறந்த கதை இதுதான்.

மே மாதம் கோடை விழாவுக்குப் போகிறவர்கள் கம்பளிக் கோட்டும் குல்லாயுமாக ஏரிக்கரையில் மத்தியானம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மத்தியான வெயிலில் அங்கேயும் உறைக்கும். சாயங்காலம் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளைப் பார்க்கும்போதுதான் மேல்துணி வேண்டும்.

மழை மாதங்களில் பனிமூட்டம் வந்தால் ஷிஃபான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், டெனிம் ஈரத்தை வாங்கி இரண்டு நாள் காயாது. இரவு தங்குகிறீர்கள் என்றால் துவைத்துக் காயவைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். நிறத்துக்கும் மலை வேறு கணக்கு வைத்திருக்கிறது. வெளிர் சாம்பலும் வெள்ளையும் மூட்டத்தில் கரைந்துபோகும். செங்கல் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து எல்லாம் காபித் தோட்டத்துப் பச்சைக்கு முன்னால் விளக்குப்போட்டதுபோல் நிற்கும். கோடையின் முதல் மழைக்குப் பிறகு சில நாள் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லிகை மாதிரி மணக்கும். அந்த வாரம் போக வாய்த்தால் கரும்பச்சையோ அரக்கோ உடுத்திப் போங்கள்.

ஆண்களுக்கு இரண்டு வார்த்தை

உங்களுக்கு வேலை சுலபம். கட்டம்போட்ட முழுக்கைச் சட்டை 12 வைத்திருப்பதற்குப் பதிலாக, நனைத்துத் தைத்த லினன் அரைக்கைச் சட்டை நாலு. தோள் தையல் தோள் எலும்பில் நிற்க வேண்டும், கைக்கு இறங்கக் கூடாது. வேட்டி பழகாதவர்கள் நாலு முழத்தில் தொடங்கி எட்டு முழத்துக்குப் போகலாம். ஒட்டிக்கொள்ளும் பட்டி வைத்த வேட்டியைக் கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள். என் கணவர் அதைத்தான் கட்டுகிறார், பந்தியில் இரண்டு கையாலும் பரிமாறுகிறார், நான் ஒன்றும் சொல்வதில்லை.

நகை என்று பார்த்தால் இருபாலருக்கும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி இருக்கிறது. சேலத்துக் கொலுசு வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. கைத்தறிப் பருத்திக்குத் தங்கத்தைவிட வெள்ளி எடுக்கும். வெள்ளியின் சுத்தத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஆடியிலிருந்து தீபாவளி வரை

ஆடி மாதம் ஊரே கோயிலில் இருக்கும். கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் கொசுவம் நிற்காது, துப்பட்டா காற்றில் பறந்து அடுத்தவர் தீச்சட்டிப் பக்கம் போகும். குர்தாவோ தைத்த பாவாடையோ போடுங்கள், சேலை என்றால் தோளில் ஊக்குக் குத்துங்கள். குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையைத் தவறவிடாதீர்கள். சாமி வேடம் போட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். கரும்பச்சைக்குப் பக்கத்திலேயே அடிக்கிற ரோஸ், அதற்குமேல் ஜரிகை, கொஞ்சமும் தயக்கம் கிடையாது. இரவு விளக்கில் அது எடுக்கிற எடுப்பைப் பார்த்த பிறகுதான், இரண்டு அழுத்தமான நிறங்களைச் சேர்த்துப் போட எனக்கே தைரியம் வந்தது.

ஆடித் தள்ளுபடியில் தைத்த உடுப்பு எடுக்காதீர்கள், அது போன வருடத்து மிச்சமாக இருக்கும். லைனிங், வெள்ளைப் பருத்தி, ஜாக்கெட் பிட் போன்றவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் நனைத்துவிடுங்கள். அப்புறம் முக்கியமான விஷயம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே நல்ல தையல்காரர்கள் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டையில் எழுதிக் கதவில் மாட்டிவிடுவார்கள். எழுதாதவரிடம் கொடுத்தால் தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி 11 மணிக்குக் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கும், பக்கத்தில் இன்னும் 15 பேர் நிற்பார்கள்.

அந்த பெங்களூர்ப் பெண் இந்த வருடம் ஆவணியிலேயே போய்க் கொடுத்துவிட்டாள். என்னுடைய மயில்கழுத்துத் துணி இன்னும் வாளியில் ஊறுகிறது. மாஸ்டர் கடையில் அட்டை மாட்டிவிட்டாரா என்று நாளை காலை போகிற வழியில் பார்க்க வேண்டும்.